குளிருக்கு முதல் ஒரு கடிதம்

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. அம்மாவின்ர கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சது பெரிய நிம்மதி. மகள் கம்பஸுக்கு எடுபட்ட கதையை இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.

இஞ்ச கார்த்திகை பிறந்த கையோட குளிர் தொடங்கீட்டுது. நான் இப்ப ஒரே அலுவலாய் ஓடித் திரியிறன். எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு தேவாலய மண்டபத்தில, வீடில்லாத இளம் பிள்ளையளுக்குக் குளிர்காலம் முழுக்க இரவில படுக்க இடம் குடுக்கப் போகினம். 16 வயசிலயிருந்து 24 வரைக்கும். அதுக்குத்தான் காசு சேர்க்கிறம்.

"கனடாவிலயும் வீடில்லாத பிள்ளையளோ?" எண்டு நீ கேப்பாய். கனக்க இருக்குதுகள். குளிர் மைனஸ் 5க்கு இறங்கினால் ரொறன்ரோ மாநகரசபை சூடான இடங்களைத் திறந்து விடும். ஆனா 17, 18 வயசுப் பிள்ளை, முன்பின் தெரியாத பெரிய ஆக்களுக்கு நடுவில படுக்கப் பயப்பிடும். அதால கூட்டாளியின்ர பேஸ்மென்ற் சோபாவில நாலு நாள், பிறகு விடிய விடிய ஓடுற ரிரிசி எண்ட ரொறன்ரோ நகர பஸ்ஸில. ஒரு பெடியனைக் கோப்பிக் கடைக் கழிவறையில கண்டன். கை காய வைக்கிற மெஷினுக்குக் கீழ தன்ர காலுறையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். மெஷின் நிக்க நிக்கத் திரும்பவும் அமத்தினான். ஈரக் காலோட வெளியில இறங்கினால் விரல் விறைச்சுக் கறுத்துப்போகும் எண்டு அவனுக்குத் தெரியும்.

"குழப்படி செய்து வீட்டை விட்டு ஓடினதுகளுக்கு ஏன் காசு?" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். 2016இல வந்த ஆய்வொண்டில நாடு முழுக்க வீடில்லாத 1,103 பிள்ளையளை விசாரிச்சவை. 40 வீதமானதுகள் 16 வயசுக்கு முதலே வீடிழந்ததுகள். பாதிக்கு மேல சிறுவர் பராமரிப்புப் பகுதியின்ர கையுக்குள்ளால வந்ததுகள். வீடு எண்டு ஒண்டு ஒழுங்காய் இருந்திருந்தால் இதுகள் ஏன் ஓடுதுகள்?

எங்கட சனம் "இது வெள்ளைக்காரற்ர பிரச்சினை" எண்டுதான் நினைக்குது. எங்கட பிள்ளையளும் இருக்குதுகள், மச்சான். தகப்பனோட முறிஞ்சு வந்தது, இன்னொரு பெடியனை விரும்பிறன் எண்டு சொன்னதுக்காகத் துரத்தப்பட்டது. தாய் தகப்பன் ஊர்வாய்க்குப் பயந்து, "வேற சிற்றியில படிக்கிறான்" எண்டு சொல்லிக்கொண்டு இருக்குதுகள்.

பழைய ஜக்கெற் கேட்டால் கார் டிக்கி நிறையக் கொண்டுவந்து இறக்குவினம். காசு எண்டால்தான் யோசிப்பினம். ஆனா இரவு முழுக்க முழிச்சிருக்கப் பழக்கின ரெண்டு ஆக்கள் வேணும், அவைக்குச் சம்பளம் வேணும். காப்புறுதி, ஹீற்றர் பில் எல்லாம் இருக்கு. அதுகள் இல்லாமல் கதவைத் திறக்க விடமாட்டாங்கள். குடுக்கிற காசுக்கு வரிப் பற்றுச்சீட்டு உண்டு எண்டு சொன்னாப் பிறகு கொஞ்சப்பேர் இளகினவை.

போன சனிக்கிழமை ரோல்ஸ் வித்தம். மத்தியானத்துக்கு முதலே முடிஞ்சுது. பெண்டுகள் விடிய நாலு மணிக்கே வந்து சமையலில நிண்டவை. மாசியில கனடா முழுக்க "கோல்டஸ்ட் நைற்" எண்டு ஒரு நடை நடக்கும், 2011இல தொடங்கினது. 2 கிலோமீற்றரோ 5 கிலோமீற்றரோ நடக்கலாம். நடக்கிற ஆள் தெரிஞ்ச ஆக்களிட்டைக் காசு சேர்க்கவேணும். என்ர மகனும் கூட்டாளிமாரும் பேர் குடுத்திட்டாங்கள்.

இதெல்லாம் புதுசில்லை. 1987இல சுசன் மொரன் எண்ட கன்னியாஸ்திரியும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடப் பெடியளும் சேர்ந்து தொடங்கின வேலையாலதான் ரொறன்ரோவில தேவாலயங்களும் யூத ஆலயங்களும் வாரத்தில ஒரு இரவு எண்டு முறை வைச்சுக் கதவைத் திறந்தவை. பள்ளிக்கூடப் பிள்ளையளால ஏலுமெண்டால் எங்களால ஏலாதோ?

"ஊருக்கு அனுப்பாமல் இஞ்ச ஏன்?" எண்டதுதான் என்னட்டைக் கூடுதலாய்க் கேக்கிற கேள்வி. ஊருக்கு அனுப்பிறதை நான் குறைக்கேல்லை, உனக்குத் தெரியும். 1995 ஐப்பசி 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணச் சனமெல்லாம் இடம்பெயரேக்க, நாங்களும் மழையில செம்மணி தாண்டி நடந்தம். அப்ப எங்களுக்கும் இந்தப் பிள்ளையளின்ர வயசுதான். சாவகச்சேரியில முன்பின் தெரியாத மனுசி விறாந்தையைக் கூட்டிப் பாய் விரிச்சா. எந்த ஊர் எண்டு கேக்கேல்லை, சாப்பிட்டியளோ எண்டுதான் கேட்டா.

இப்ப உன்னட்டை ஒரு உதவி. எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின்ர இஞ்சத்தக் கிளை தை மாசம் இராப்போசனம் வைக்குது. நாலைஞ்சு நூறு பேர் வருவினம். வாசலில ஒரு மேசை போட்டு உண்டியல் வைக்க விடச் சொல்லித் தலைவருக்கு ரெண்டு வரி எழுதிவிடு. நான் கேட்டால் கூட்டத்தில கதைப்பம் எண்டு இழுப்பார். தாய்ச் சங்கத்துச் செயலாளர் நீ எழுதினால் தட்டமாட்டார். மார்கழி முடியமுதல் கிடைச்சால் நல்லது.

அன்புடன்,
உன்ர நண்பன்