பள்ளிக்கு முந்திய குழந்தைப் பராமரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்படும் தமிழ்ப் பெற்றோர் பலர், பள்ளி திறக்கும்வரை பிள்ளையைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பணம் பேசி விட்டுச் செல்கிறார்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டில் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கட்டணம் பெற்றுப் பார்ப்பவர், பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் அமைப்பிலோ, இப்படி வீட்டில் பிள்ளை பார்க்கும் சைல்ட்மைண்டர்களுக்கான ஏஜென்சியிலோ பதிவுசெய்திருக்க வேண்டும். காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், முதலுதவிப் பயிற்சியோ, வீட்டிலுள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணிச் சோதனையோ இல்லாமலே நம் பிள்ளைகள் ஒப்படைக்கப்படுகிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இதில் பண இழப்பும் உண்டு. பெற்றோர் 8 பவுண்டு செலுத்தினால் அரசு 2 பவுண்டு சேர்க்கும் வரியில்லாப் பராமரிப்புத் திட்டம், பதிவுபெற்றவர்களிடம் விட்டால்தான் கிடைக்கும். தகுதியுள்ள பெற்றோருக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை வரும். பள்ளி தொடங்குமுன் அரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் காலை உணவு தந்து பார்த்துக்கொள்ளும் இலவச பிரேக்ஃபாஸ்ட் கிளப், ஏப்ரல் 2025இல் 750 பள்ளிகளில் தொடங்கியது; அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த அரை மணி நேரம் ஏழு மணி வேலைக்காரருக்குப் போதாது.

பதிவுபெற்றவரைத் தேடுவதும் எளிதன்று. ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் பலரின் பெயரும் முகவரியும் தெரிவதில்லை. பெற்றோருக்குத் தகவல் தருவது 2006ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி உள்ளூர் கவுன்சிலின் கடமை. எனவே எந்தச் சைல்ட்மைண்டர் எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறார், எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச் செல்கிறார் என்ற விவரத்தைப் பள்ளிவாரியாகத் தொகுத்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கவுன்சில்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்