அது அவளுடைய நேர்காணல்: சிறை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறைத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கைதிகளைக் குடும்பத்தார் வந்து பார்க்கும் போன நேர்காணல் நாளில் உங்கள் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஏழு வயதுக் குழந்தையின் அத்தை எழுதுகிறேன். தேதியும் காரணமும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். உள்ளே ஏதோ தகராறு, அதனால் என் தம்பிக்கு ஒரு மாதம் நேர்காணல் ரத்து. தகராறில் அவன் பங்கு என்னவென்று எனக்குத் தெரியாது. அவனுக்காக வாதாடவும் வரவில்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனையை அனுபவித்துத்தான் ஆக வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். இந்த மடல் அவன் மகளுக்காக.

அவளுக்கு மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாவது பல்லைக் காகிதத்தில் மடித்து, மேலே 'அப்பாவுக்கு' என்று எழுதி வைத்திருந்தாள். பல்லையெல்லாம் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஓட்டையைக் காட்டலாம்ல?" என்றாள். தடுப்புக் கண்ணாடிக்கு எவ்வளவு கிட்டே நின்றால் வாய்க்குள் தெரியும் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு.

நேர்காணல் எப்போதும் பள்ளி நாளில்தானே வருகிறது. 'உடல்நலம் சரியில்லை' என்று பொய்யாக ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன். விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, வரிசையில் நின்று, காலணியிலிருந்து தலைமுடி ரப்பர் பேண்டு வரை கழற்றிச் சோதனை முடித்து, எண் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டார்கள். சன்னலில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் இல்லம்மா, அடுத்தவங்க வாங்க" என்றார். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

திரும்பும் வழியில் வெகு நேரம் அவள் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "போன தடவை நான் அழுதேன்ல அத்தை, அதுக்காகவா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களிடம் ஏதாவது படிவம் இருந்தால் அனுப்பி வையுங்கள், நிரப்பித் தருகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கைதிக்குத் தண்டனை என்று குழந்தையின் நேர்காணலை ரத்து செய்யாதீர்கள். நேர்காணல் உங்கள் ஏட்டில் கைதிக்கான சலுகையாக இருக்கலாம். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வேறு மாதிரி சொல்கிறது. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தை, தன் நலனுக்குக் கேடு இல்லாதவரை, அவர்களோடு தொடர்ந்து நேரடித் தொடர்பு வைத்திருப்பது அந்தக் குழந்தையின் உரிமை என்கிறது அதன் ஒன்பதாவது பிரிவு. பெற்றவரே குழந்தைக்குத் தீங்கு செய்தவர் என்றால் கதை வேறு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்தவர் செய்த தவறுக்கு இவளுடைய உரிமையைப் பிடுங்குவதற்கு என்ன பெயர்?

இது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் திருத்தி ஏற்ற விதிகளில் 43ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். குடும்பத் தொடர்பைத் தடை செய்வது ஒழுங்கு நடவடிக்கையாக இருக்கக் கூடாது. பாதுகாப்புக்குக் கட்டாயம் தேவைப்பட்டால் மட்டும், குறுகிய காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம். அந்த விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. ராபன் தீவுச் சிறையில் அவருடைய தொடக்க ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு நேர்காணல்தான். இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை உள்ளே விடவே மாட்டார்கள். அந்தச் சிறை அதிகாரிகளும் தங்கள் விதிப்படிதான் நடந்தார்கள்.

சிறையை மட்டும் சொல்லி என்ன பயன்! கைது செய்ய வீட்டுக்குள் வந்தவர்கள் மூலையில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பள்ளியில் தந்தையின் தொழிலை எழுதச் சொல்லிப் படிவம் வருகிறது. கூட விளையாடிய பிள்ளைகளை அவரவர் வீட்டில் தடுத்துவிட்டார்கள். தண்டனை வாசிக்கும் நாளில் வீட்டில் குழந்தை இருக்கிறதா, அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எந்த நீதிமன்றம் கேட்கிறது? தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2007இல் கேட்டது. மோசடி வழக்கில் தண்டனை பெற்ற, மூன்று பிள்ளைகளின் தாயைச் சிறையில் வைக்காமல் வெளியிலேயே கண்காணிப்பில் விட்டது. குழந்தையைப் பெற்றோரின் வாலாக நடத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் காத்திருப்புக் கூடத்தில் சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி வரைந்திருக்கிறீர்கள். நன்றாகவே இருக்கிறது. திரும்பிப் போகச் சொன்ன பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருக்க நிறைய நேரமும் கிடைத்தது.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்ததை ஒழுங்காகக் கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து, கைதி மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் அவர் பிள்ளையின் நேர்காணலில் கை வைக்காதீர்கள். உண்மையிலேயே பாதுகாப்புப் பிரச்சினை என்றால் பக்கத்திலேயே ஒரு காவலரை நிறுத்துங்கள், நேரத்தைக் குறையுங்கள், ஐந்து நிமிடம் என்றாலும் சரி. அதுவும் முடியாத நாளில், முதல் நாளே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எங்கள் எண் நீங்கள் கொடுத்த படிவத்திலேயே மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. காரணத்தைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு ஒரு ராத்திரியாவது கிடைக்கும்.

ரத்து முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்கு முன்பே அவளை மட்டுமாவது அனுமதிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் உதவியாக இருக்கும். நேற்றுப் பல் துலக்கும்போது பார்த்தேன், ஈறில் வெள்ளையாக ஒன்று முளைத்திருக்கிறது. அவள் இன்னும் கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
காத்திருக்கும் ஓர் அத்தை