ட்ரேட் லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியிருப்புத் தெருவில் கடை கூடாது என்பதே அதிகாரிகள் மாமூல் வாங்கக் கண்டுபிடித்த விதி என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாமூல் விஷயத்தில் அவரோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் விதி அதிகாரி கண்டுபிடித்ததல்ல. 1961ஆம் ஆண்டு கர்நாடக நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் மாஸ்டர் பிளான் போடுகிறார்கள், அதில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வைத்திருக்கிறார்கள், பிளான் அமலுக்கு வந்தபின் நிலத்தை எதற்குப் பயன்படுத்தினாலும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. கடை நடத்த மாநகராட்சி தரும் ட்ரேட் லைசென்ஸ் இதற்குக் கீழேதான். மஞ்சள் இடத்தை நீலமாக்கும் சக்தி அந்தக் காகிதத்துக்குக் கிடையாது. (இன்றைக்கும் பெங்களூரை ஓட்டுவது, 2015 வரைக்கும் என்று போட்டு 2007ல் வந்த ‘2015’ பிளான்தான். 2031க்கு என்று போட்ட வரைவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அது தனிக் கூத்து.)

ஏன் இந்தப் பிரிவினை என்று கேட்பவர்கள் எங்கள் ஜீவன்பீமா நகர் பக்கம் ஒரு சாயங்காலம் வந்து பார்க்கலாம். 30க்கு 40 அடி சைட்டில் ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் இப்போது கீழே உணவகம், மாடியில் பப். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட பக்கவாட்டு இடத்தில் ஜெனரேட்டர், மாடிப்படிக்குக் கீழே கேஸ் சிலிண்டர்கள், வாசலில் இரண்டு பக்கமும் கார். தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. நாலைந்து பேர் குளித்துத் துவைப்பதற்குப் போட்ட கழிவுநீர்க் குழாயில் ஓட்டல் எண்ணெய் இறங்கினால் மேன்ஹோல் பொங்காமல் என்ன செய்யும்? பொங்குவது ஓட்டல்காரர் வாசலில் இல்லை, தெருவின் தாழ்ந்த முனையில் இருக்கும் வீட்டு வாசலில்.

‘மேலிடத்தில் சொல்லியாயிற்று’ என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்துகிறேன். இதே பெங்களூரில், ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரே சொல்லி, தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியும் மக்களுக்குத்தானே என்று வாதாடிப் பார்த்தும், 1991ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு இதில் என்ன வேலை என்று அங்கே குடியிருப்பவர்களைத் தள்ளிவிடவும் இல்லை. முதலமைச்சருக்கே முடியாதது, வார்டு ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு முடியுமா?

அதற்காக, வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிற அக்காவையும், மாலையில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சரையும் விரட்டச் சொல்லவில்லை. சாலையின் அகலத்தைப் பார்த்து, வீட்டின் ஒரு சிறு பகுதியில் சில தொழில்களுக்கு அந்த பிளானே இடம் கொடுக்கிறது. கோபம் என்னவென்றால், நோட்டீஸ் வரும்போது முதலில் வருவது அந்தத் தையல் மெஷினுக்குத்தான். பப் வாசலுக்குப் போக யாருக்கும் வழி தெரிவதில்லை!

சரி, பிளானை மாற்றவே கூடாதா? மாற்றலாம். அதே சட்டத்தின் 14-ஏ பிரிவில் வழி இருக்கிறது. மாற்றம் பொதுநலனுக்காக இருக்க வேண்டும், அரசின் முன் அனுமதி வேண்டும், அதோடு அந்தப் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் அறிவித்து மக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும். ஆட்சேபணை சொல்ல நாம் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவிப்பு எங்கள் கண்ணில் படுவதே இல்லை. டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வந்து போய்விடுகிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்ப் பேப்பர் மட்டும் படிக்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். சட்டப்படி அவர்களிடமும் கேட்டாயிற்று, அவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள் என்று கணக்கு!

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெங்களூர் பதிப்பில் வாரம் ஒரு நாள் இந்த நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்புகளைத் தமிழில் தொகுத்துப் போடுங்கள். எந்தப் பகுதி, சர்வே எண், எதிலிருந்து எதற்கு மாற்றுகிறார்கள், ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாள் எது, எந்த ஆபீசில் கொடுப்பது, இவ்வளவு இருந்தால் போதும். மனு எழுதுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜீவன்பீமா நகர், பெங்களூர்