வீட்டுக்கு முதல் காணி உறுதி

இலங்கையின் பெருந்தோட்டக் காணியையும் வீடமைப்பையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும், தோட்டங்களைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனியாருக்கும் வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டின், தொங்கல் காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் ஆறு பேர். அக்கா வயதுக்கு வந்தபோது அப்பா முன் திண்ணையான இஸ்தோப்பைப் பழைய தகரத்தால் அடைத்து அவளுக்கு ஒரு மறைவு செய்து கொடுத்தார். மறுவாரமே தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது. கேட்காமல் கட்டியது பிழையாம், பிரிக்கச் சொன்னார்கள். முப்பது வருசமாக அந்த மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், தன் கையால் அடித்த ஆணியைத் தானே பிடுங்கினார். அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

கூரை ஒழுகுவதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். எந்த நேரமும் "இது உன்னுடையதல்ல" என்று யாராவது வந்து சொல்லலாம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்து வேலையில் பேர் பதிந்திருக்கும்வரைதான் காம்பரா. மகன் கொழும்புக் கடைக்கும் மகள் கார்மென்ட்ஸுக்கும் போய்விட்டால், வயதான தாய் எந்த உரிமையில் அங்கே இருப்பாள்?

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுக்கு வந்தன, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. இடையில் குடியிருக்கும் எங்கள் பேர் அந்தப் பத்திரங்களில் இல்லை. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடப் பிரதேச சபைக்குக்கூட வழியில்லாமல் இருந்தது.

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்றீர்கள். இந்திய உதவியில் கட்டிய வீடுகளும் வந்தன, அதற்கு நன்றி. ஆனால் சாவி கிடைத்த எல்லோருக்கும் உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், கிடைக்கவில்லை. உறுதி இல்லாத வீட்டை வைத்து பேங்கில் கடன் எடுக்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச், அதில் நீங்கள் சொன்னது ஏழு. காணி உரிமையும் கேட்டுத்தான் 2023இல் எங்கள் சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தது.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே எனக்கு வேதனை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருசங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எழும்பிப் போ என்றால் எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டு நிலம் உள்ளவனுக்குத்தான் எச்சரிக்கை பயன்படும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் மண் சரிந்தது.

ஆகவே கேட்கிறேன். அத்திவாரம் வெட்டுமுன் உறுதியை எழுதுங்கள், கணவன் மனைவி இருவர் பேரிலும். சரிவில் இருக்கும் லயங்களுக்கு, கொழுந்து பறிக்காமல் காடேறிக் கிடக்கும் மலைகளில் பாதுகாப்பான இடத்தை அளந்து கொடுங்கள். வேலைக்கும் வீட்டுக்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்.

மே மாதம் மழை தொடங்கிவிடும். அதற்கு முன் நில அளவையாளர்களை அனுப்புங்கள். சங்கிலி பிடிக்க எங்கள் பொடியன்கள் வருவார்கள். அளக்க வருபவர்களுக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும் எங்கள் காம்பராவில்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்த ஒருவன்