டொமினிக்கா நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

ரோசலி கரையோர நண்பர்களே, வணக்கம்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்று: இது டொமினிக்கன் குடியரசு அல்ல. கிழக்குக் கரீபியனில் மலையும் ஆறுமாக இருக்கும் சின்னத் தீவு நாடு டொமினிக்கா.

விடுதி நடத்தும் அம்மாவுக்கு முதல் நன்றி. 2017 செப்டம்பர் 18 அன்று ஐந்தாம் வகைப் புயலாக வந்த மரியா, மலைக்காடுகளை இலையில்லாமல் மொட்டையாக்கிப் போனது. அதற்கப்புறம் நீங்கள் அறைகளைக் கூட்டுவதற்கு முன்பே, சரிந்த மேட்டில் மரக்கன்றும் வெட்டிவேரும் நட்டீர்கள். ஒரு வெட்டிவேர்த் தூரைப் பிடுங்கி, வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கியிருப்பதைக் காட்டினீர்கள். விருந்தாளி வந்து போனால் மண் தேறியிருக்க வேண்டும், கெடாமல் இருந்தால் மட்டும் போதாது என்ற உங்கள் பிடிவாதத்தை மறக்கவே முடியாது.

ஆமைக் காவல் தம்பிகளே, உங்களால்தான் தோல்முதுகு ஆமை முட்டையிடுவதைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மட்டும்தான், முட்டை விழத் தொடங்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். முட்டைக்குக் குழி தோண்டும்போது, பின்துடுப்பு ஒன்று உள்ளங்கை மாதிரி குழிந்து மணலை அள்ளி மெதுவாக வெளியே வைக்கும். உடனே மற்றது உள்ளே இறங்கும். அவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு நிதானம்! குஞ்சு பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். வெளிச்சம் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு ஊர்ப்பக்கம் திரும்பிவிடும் என்பதால் விடுதியிலும் கடல் பக்க விளக்குகளை அணைத்தே வைக்கிறார்கள்.

தீவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்கள் வாழும் பகுதியின் அக்காமார்களே, மரவள்ளியைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து, இரும்புக் கல்லில் ரொட்டி சுட என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். அங்கே நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை, சமூகத்துக்கே பொது. அந்த ரொட்டியையும் சேப்பங்கிழங்கையும் சீமைப்பலாவையும் விடுதி உங்களிடமே வாங்குகிறது. நாங்கள் கொடுத்த காசு அக்கம்பக்கத்துக்கே போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தது பெரிய நிம்மதி.

தீவின் நெடுக, 14 பகுதிகளாகப் போகும் வைத்துக்குபுலி மலை நடைபாதையில் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்ட அண்ணன்மார்களுக்கும் நன்றி. அதில் ஒரு பகுதியைத்தான் நடந்தேன். மழை பெய்தால் அங்கே ஒரு அடி வைப்பதே பாடு, நீங்களோ ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள்.

கேட்ட படங்களைப் பெரிதாக அச்செடுத்து அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வெட்டிவேர் நாற்றுக்கான என் பங்கு விடுதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மேல் மேட்டையும் இந்த மழைக்குள் நட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் விருந்தாளி