மோட்டார் டிரிப் ஆனால் வைண்டிங்தானா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடுத்த கூற்றுகளிலிருந்து முடிவு வருமா என்று கேட்கும் தர்க்கப் பயிற்சித் தாள், பத்துக் கேள்வியில் ஆறு தப்பு. அடியில் "கணக்கு வருதுப்பா, இது மட்டும் ஏன் வரல?" என்று ஒரு வரி. போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்படிப்பட்ட விஷயம் பேசும்போது நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியை முடித்துவிடுவாய், நானும் உன்னை அப்படித்தான் வெட்டுவேன். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது பார்.

அந்த ஆறு கேள்வியையும் இரண்டு நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் நான்கில் நீ "சரி" என்று டிக் அடித்த முடிவு உண்மையிலேயே உலகத்தில் உண்மை. மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள். எல்லா வௌவால்களும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் இரவில் இரை தேடும். ஆகவே சில வௌவால்கள் இரவில் இரை தேடும். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஆனால் அந்த "ஆமாம்" கூற்றுகளிலிருந்து வரவில்லை, நீ ஏற்கெனவே படித்ததிலிருந்து வருகிறது. இரவில் இரை தேடும் அந்தச் "சில பாலூட்டிகள்" யார் என்று கூற்று சொல்லவே இல்லை. அது எலியாக இருக்கலாம், புலியாக இருக்கலாம், அதில் ஒரு வௌவால்கூட இல்லாமலும் இருக்கலாம்.

சந்தேகமாக இருந்தால் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சதையை மாற்றிப் பார். எல்லாத் திமிங்கிலங்களும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் மரம் ஏறும். ஆகவே சில திமிங்கிலங்கள் மரம் ஏறும். சிரிப்பு வருகிறதல்லவா? இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டு கூற்றும் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகிவிட்டது என்றால் அந்த வடிவத்தையே நம்பக் கூடாது. வௌவாலில் அது நமக்குச் சாதகமாக முடிந்தது தற்செயல்.

இதற்கு நேர்மாறாக ஏழாவது கேள்வி. எல்லாப் பேனாக்களும் மேகங்கள், எல்லா மேகங்களும் மீன்கள், ஆகவே எல்லாப் பேனாக்களும் மீன்கள். அதை "பொருந்தாது" என்று ஒதுக்கியிருக்கிறாய். அது கண்ணை மூடிக்கொண்டு பொருந்தும் முடிவு. அபத்தம் என்பது ஒரு குறையே இல்லை இங்கே. சொல்லப்போனால், கேள்வி எழுதுகிறவர் பேனாவையும் மீனையும் போடுவது உனக்கு உதவி செய்யத்தான். உனக்குத் தெரிந்த எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி கதவைச் சாத்தி வைக்கிறார். ஆபத்தெல்லாம் வௌவால் மாதிரிக் கேள்விகளில்தான்.

இது உன் ஒருத்தியின் கோளாறு இல்லை. 1983-இல் எவான்ஸ், பார்ஸ்டன், போலார்டு என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். கூற்றிலிருந்து வராத முடிவாக இருந்தும், நம்பும்படி இருந்தால் பத்தில் ஏழு தடவை சரி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூற்றிலிருந்து சரியாகவே வரும் முடிவு நம்ப முடியாததாக இருந்தபோது பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. அதாவது நன்றாக உடுத்தி வந்த பொய்க்கு, கந்தல் கட்டிய நிஜத்தைவிட மரியாதை அதிகம்.

இனி நான் சொல்லப்போவது, இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி. என்னிடமிருந்துதான் என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரு பெரிய பம்ப் மோட்டார், ஸ்விட்சைப் போட்டதும் டிரிப் ஆனது, அதாவது மின்சாரம் தானாகத் துண்டித்து நின்றுவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் இன்னொரு மோட்டார் இதே மாதிரி டிரிப் ஆகி, திறந்து பார்த்தால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்திருந்தது. என் மனசுக்குள் ஓடிய கணக்கு இது: வைண்டிங் எரிந்தால் டிரிப் ஆகும். இது டிரிப் ஆகிறது. ஆகவே வைண்டிங். நாலு பேரைக் கூட்டி, கப்ளிங்கைக் கழற்றி, செயின் பிளாக் போட்டுத் தூக்கி, ஸ்பேர் மோட்டாரை இறக்கி அலைன்மென்ட் பார்த்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டேன். டிரிப்.

கேபிள்தான். நடுவில் ஒரு ஜாயின்டில் இன்சுலேஷன் விட்டு ஈரம் இறங்கியிருந்தது. மோட்டார் டெர்மினலில் கேபிளைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாக மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. என் ஃபோர்மேன் திட்டவில்லை. "டிரிப் ஆறதுக்கு வைண்டிங் மட்டும்தான் காரணம்னு உனக்கு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது. உன் தேர்வுத் தாளில் "இருந்தால்" என்று வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அதுதான் சாவி.

அந்த மோட்டாரை வைத்தே நாலு வகையையும் சொல்லிவிடுகிறேன். "வைண்டிங் எரிந்தால் கட்டாயம் டிரிப் ஆகும்" என்பது கூற்று என்று வை. வைண்டிங் எரிந்திருக்கிறது என்று தெரிந்தால், டிரிப் ஆகும் என்று சொல்லலாம். டிரிப் ஆகவில்லை என்று தெரிந்தால், வைண்டிங் எரியவில்லை என்று சொல்லலாம். இந்த இரண்டும்தான் செல்லும். டிரிப் ஆனது, ஆகவே வைண்டிங் எரிந்தது என்பது நான் செய்த முட்டாள்தனம். வைண்டிங் எரியவில்லை, ஆகவே டிரிப் ஆகாது என்பது அதன் தம்பி. நீ தப்பு செய்திருக்கும் ஒன்பதாவது கேள்வி இந்தத் தம்பியேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"நெருப்பில்லாமல் புகையாது" என்கிறோமே, அதுவும் ஒரு திசையில் மட்டும் ஓடும் வண்டி. புகை இருந்தால் நெருப்பு இருக்கும், அவ்வளவுதான் அது சொல்வது. நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும் என்று திருப்பினால் போச்சு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? இந்த இரும்பு உதாரணம் என் சொந்தச் சரக்கு இல்லை. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் நூல்காரர்கள் அனுமானம் பற்றிப் பேசும்போது சொல்லிவைத்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். டிரிப் ஆனதும் வைண்டிங்கைச் சந்தேகித்தது தப்பில்லை. பழுது பார்ப்பவன் அப்படித்தான் தொடங்க முடியும். விளைவைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்காமல் எந்த மெக்கானிக்கும், எந்த டாக்டரும் ஒரு நாள் பிழைக்க மாட்டார்கள். ஊகித்ததைச் சோதித்துப் பார்க்காமல் முடிவு என்று பேர் வைத்ததுதான் தப்பு. நீ சின்ன வயதிலிருந்து என் கூட உட்கார்ந்து மிக்ஸியையும் மின்விசிறியையும் பிரித்துப் பார்த்தவள். ஊகிப்பதில் கெட்டிக்காரி. தேர்வில் மெக்கர் கிடையாது, திறந்து பார்க்க மூடியும் கிடையாது. அங்கே ஊகத்துக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். "பெரும்பாலும் இதுதான்" என்று தோன்றுகிற ஆப்ஷனை நீ குறித்துவிடுகிறாய். அவர்கள் கேட்பது "வேறு வழியே இல்லையா" என்று.

இதற்கு ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் எழுதியது. தமிழுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன். மேசையில் நாலு அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உனக்குத் தெரிவது: அ, க், 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும். விதி உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்புவாய்? இங்கே நிறுத்திவிட்டு யோசி, அடுத்த பத்திக்கு ஓடாதே.

பெரும்பாலானோர் அ-வையும் 4-ஐயும் சொல்வார்கள். நானும் சொன்னேன். சரியான விடை அ-வும் 7-ம். 4-க்குப் பின்னால் க் இருந்தாலும் விதி உடையாது. ஏனென்றால் மெய்யெழுத்துக்குப் பின்னால் இரட்டை எண் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும், அ-வுக்குப் பின்னால் ஒற்றைப்படை எண் இருந்தாலும் உடையும். பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னால் பெரிது. ஆனால் 1982-இல் இதே வடிவத்தை மது அருந்தும் வயது பற்றிய விதியாக மாற்றிக் கேட்டபோது நாலில் மூன்று பேருக்குக் கிட்டச் சரியாகச் சொன்னார்கள். மது அருந்துகிறவரின் வயதைப் பார்க்க வேண்டும், வயது குறைந்தவர் என்ன குடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். மற்ற இருவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இது யாருக்குத்தான் தெரியாது! அதனால் அட்டை மாதிரிக் கேள்வியில் சிக்கினால், விதியை மீறுகிறவனைப் பிடிக்கும் காவலர் மாதிரி யோசித்துப் பார். எனக்கு அது உதவியது.

அப்புறம் சொற்கள். நீ கணக்கில் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றிப் படிக்க மாட்டாய். இங்கே "சில", "மட்டுமே", "எல்லாம்" என்பவைதான் குறிகள். பேச்சில் "சில பேர் வந்தார்கள்" என்றால் எல்லாரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்வோம். தேர்வில் "சில" என்றால் ஒன்றாவது உண்டு என்று மட்டும்தான் பொருள், எல்லாமாகவும் இருக்கலாம். "உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே போகலாம்" என்றால் உள்ளே போனவர் எல்லாம் உறுப்பினர். உறுப்பினர் எல்லாம் உள்ளே போனார்கள் என்று ஆகாது. ஐந்தாவது கேள்வியில் இதைத்தான் தலைகீழாகப் படித்திருக்கிறாய். "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்ற பழமொழியைக் கவனி. மின்னுகிற எதுவும் பொன் இல்லை என்று அந்த வாக்கியத்தைப் படிக்கவும் இடம் இருக்கிறது. நாம் யாரும் அப்படிப் படிப்பதில்லை, மின்னுவதில் பொன் அல்லாததும் உண்டு என்றுதான் படிக்கிறோம். பழமொழிக்கு வழக்கம் துணை நிற்கும், தேர்வுத் தாளுக்கு நிற்காது. "எந்த ... உம் இல்லை" என்றிருக்கிறதா, "எல்லா ... உம் அல்ல" என்றிருக்கிறதா என்று விரலை வைத்துப் படி.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வட்டம் போடச் சோம்பல்படாதே. 1760-களின் தொடக்கத்தில் கணித மேதை ஆய்லர் ஒரு ஜெர்மானிய இளவரசிக்குப் பாடங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அதில்தான் இந்த வட்டங்களை வரைந்து காட்டினார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 1880-இல் வென் என்ற தர்க்க அறிஞர் தன் வட்டப் படத்தைக் கொண்டுவந்தார். ஆக, தர்க்கத்தைக் கடிதத்தில் சொல்லித் தருவதில் நான் முதல் ஆள் இல்லை! ஒரே ஒரு விஷயம். உன் தாளின் ஓரத்தில் போட்டிருக்கும் வட்டங்களைப் பார்த்தேன், எல்லாம் உன் விடைக்குச் சாதகமாக வரைந்தவை. பாலூட்டி வட்டத்துக்குள் வௌவாலையும் இரவு இரைக்காரர்களையும் ஒன்றோடு ஒன்று உரசும்படி போட்டிருக்கிறாய். அவற்றைத் தள்ளி வைத்து வரைய முடிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கூற்றுகளை மீறாமல் முடிவை உடைக்கும் ஒரு படம் வரைய முடிந்தால் அந்த முடிவு அவுட்.

"1 அல்லது 2" என்ற ஆப்ஷனைப் பற்றிக் கேட்டிருந்தாய். "சில பேனாக்கள் சிவப்பு", "எந்தப் பேனாவும் சிவப்பு அல்ல" என்று இரண்டு முடிவுகள். கூற்று இதில் எதையும் தனியாக நிறுவவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும், மூன்றாவது வழி இல்லை. "எல்லா", "சில ... அல்ல" என்ற ஜோடியும் அப்படியே. அப்படி ஜோடி அமைந்தால் மட்டும் அந்த ஆப்ஷன், மற்றபடி தொடாதே. பயிற்சிப் புத்தகம் இதற்கு ஒரு பக்க நிறைய விதி போட்டிருக்கிறது. படித்தால் தூக்கம்தான் வருகிறது.

விதிகளை மனப்பாடம் செய்யும் யோசனை உனக்கு இருந்தால் இதையும் கேள். அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்த வகையில் இரண்டு கூற்றும் ஒரு முடிவுமாக 256 வடிவங்கள் வரும். அவற்றில் செல்லுபவை 24. அந்த 24-இலும் ஒன்பது, பேசப்படும் பொருள் உலகில் ஒன்றாவது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் செல்லும். தோராயமாகப் பத்தில் ஒன்றுதான் தேறுகிறது. அதனால் எதையும் பார்த்தவுடன் "பொருந்தாது" என்று சந்தேகத்தோடு தொடங்கு, முடிவு தன்னை நிரூபித்துக்கொள்ளட்டும். ஆனால் இதையே விடையாக ஊகித்துவிடாதே, மறுபடியும் மோட்டார் கதையாகிவிடும். கேள்வித்தாள் போடுகிறவர் 256-ஐயும் குலுக்கிப் போடுவதில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். போன வாரம் மூன்று நாள் நீ போனை எடுக்காதபோது, "கோபமா இருந்தா எடுக்க மாட்டா, எடுக்கல, அப்ப கோபம்தான்" என்று வீட்டில் புலம்பியவன் நான்தான். போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேரில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாளும் அவள் சொன்னது ஒன்றே: "வேற காரணமே இருக்காதா?" என் ஃபோர்மேனை அவள் பார்த்ததுகூட இல்லை.

தப்பான ஆறையும் பேனாவைத் தொடாமல், ஒவ்வொன்றுக்கும் உடைக்கிற படம் ஒன்றை மனதில் வரைந்து பார்த்துவிட்டு மறுபடி போடு. பத்தாவது கேள்வியில் எனக்கே உன் விடை சரி என்று தோன்றுகிறது. பின்பக்கத்து விடைப் பட்டியல்தான் தப்பாக இருக்க வேண்டும். நீ ஒருமுறை பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். நீ எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா