எல்மினாவுக்கு ஒரு மெடாசே

எல்மினா மக்களுக்கு,

மூன்று ஆண்டுகள் உங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். உங்களால் படிக்க முடியாத எழுத்தில் இதை எழுதுகிறேன். கானாவின் கடற்கரையில் எனக்கு வாய்த்த மனிதர்களை என் மக்களும் அறிய வேண்டும்.

முதலில், வீட்டுக்கார அம்மா. வந்த இரண்டாம் மாதமே மலேரியா என்னைப் படுக்கையில் தள்ளியது. மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை. எண்ணெய்ப் பசையுள்ள உணவோடு விழுங்கினால்தான் உடலில் சேரும் என்றார் மருந்துக்கடைக்காரர். தண்ணீரே இறங்காதவன் எதைச் சாப்பிடுவது? நீங்கள் நிலக்கடலை அரைத்து, எண்ணெய் மிதக்கச் சூப் வைத்து, குழையப் பிசைந்த சோற்றுருண்டையை அதில் போட்டு எடுத்து வந்தீர்கள். இரவு வேளைக்கு நீங்களே விழித்திருந்து கதவைத் தட்டினீர்கள். அந்த மூன்று இரவுகளும் என் தாய் அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தெருமுனையில் கெங்கே விற்கும் அக்கா, புளித்த மக்காச்சோள மாவை இலையில் கட்டி அவித்த அந்த உருண்டையில் எங்கள் பழைய சோற்றின் புளிப்பு இருந்தது. காசு கொண்டுவர மறந்த நாட்களிலும் பொரித்த மீனோடு கொடுத்து அனுப்பினீர்கள்.

படகுத்துறைத் தோழர்களே, பனிக்கட்டி இயந்திரம் பழுதுபார்க்க வந்தவன் நான். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. அன்று கடலுக்கு ஓய்வு என்று வலை பின்னியபடியே சொல்லித்தந்தீர்கள். நான் பிறந்ததும் செவ்வாய் என்றதும் ‘கோபினா’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று எதையும் தள்ளிப்போடும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தக் கிழமைக்காக என்னை முதன்முதலில் கொண்டாடியவர்கள் நீங்கள். வெளிநாட்டவர் எவரையும் ‘ஒபுரோனி’ என்று கூவும் சிறுவர்கள்கூட அதன்பின் என்னைப் பெயர் சொல்லியே அழைத்தார்கள்.

1482இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் என்னை அழைத்துச் சென்ற பெரியவரே, அடிமைகளாக அடைக்கப்பட்டவர்களின் இருட்டறைகளில் நீங்கள் எதுவும் விளக்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். கடல் வழியே வந்த அந்நியர்களால் அவ்வளவு பட்ட ஊர் என்னை ‘அக்வாபா’ என்று வரவேற்றதன் கனம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

உங்கள் மொழியில் நன்றிக்கான சொல்லைப் பிரித்தால் ‘உன் அடியில் கிடக்கிறேன்’ என்று வரும். நான் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. கடலுக்குப் போகாத நாள் என்பதால் வேன் நிற்குமிடத்துக்குத் துறையே வந்திருந்தது. தொண்டை அடைத்து, ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

மெடாசே.

உங்கள்
கோபினா